திருட்டு முழி வாத்தும் சந்தனக் கீபோர்டும்

கம்ப்யூட்டர் திரையில் இரண்டே வரிகள். மேல் வரியில் விண்டோஸ் எக்ஸ்பி, கீழ் வரியில் விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. அவற்றுக்கும் கீழே ஒரு எண், ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது. அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள் கீழ் அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டி, தொண்ணூற்றெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வருஷக்கணக்காக டீ குடித்துக்கொண்டே, போனில் பேசிக்கொண்டே, சில நாள் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்த வேலை.

தட்டினேன். மேல் வரியில் இருந்த வெள்ளைப் பட்டை அசையவில்லை. மறுபடி தட்டினேன். குத்தினேன். கட்டை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். எண் பூஜ்யத்துக்கு வந்தது. பச்சைப் புல்வெளியும் நீல வானமுமாக எக்ஸ்பி சிரித்துக்கொண்டு வந்து நின்றது.

அந்தப் புல்வெளியை அவ்வளவு வெறுத்த ஆள் அன்றைக்கு உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா, கீயை உடைத்துவிடாதீர்கள் என்றாள். ஸ்டெல்லா நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் வந்தவள். என் எம்பிராய்டரி யூனிட்டில் டிசைன் போடுவது, மெஷின் ஓட்டுவது, என்னை அதட்டுவது என்று அவளுக்கு மூன்று வேலை. சம்பளம் முதல் இரண்டுக்கு மட்டும்தான். மூன்றாவதை அவள் ஆசைக்குச் செய்கிறாள்.

போன வாரத்து ஜெனரேட்டர் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "நீங்கள் பதறாமல் எதையுமே செய்ததில்லையா?" என்று கேட்டிருந்தார். செய்திருக்கிறேன். தூக்கம். அதுவும் எல்லா நாளும் இல்லை.

ஒரு பாய், இரண்டு ஆள்

கம்ப்யூட்டர் விவரம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். எனக்கும் தெரியாது.

அனுப்பர்பாளையத்தில், ஒரு பாத்திரப் பட்டறைக்குப் பின்னால் என் யூனிட். எம்பிராய்டரி மெஷின் இரண்டு. இரண்டும் ஃப்ளாப்பியில் கொடுத்தால்தான் டிசைனைச் சாப்பிடும். அந்த டிசைனைத் தயார் செய்கிற சாஃப்ட்வேர் விண்டோஸ் தொண்ணூற்றெட்டில் மட்டும்தான் ஓடும். ஆனால் கம்பெனிக்காரர்கள் டிசைன் படத்தைக் கொடுப்பது பென் டிரைவில். தொண்ணூற்றெட்டுக்குப் பென் டிரைவைச் செருகினால், அது யாரோ முகவரி தவறி வந்துவிட்டதுபோலப் பார்க்கும். எக்ஸ்பிதான் அதை வாங்கும்.

ஆகவே ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் குடிவைத்திருந்தோம். எக்ஸ்பியில் போய்ப் படத்தை வாங்கிப் பொது இடத்தில் வைத்துவிட்டு, அணைத்து, மறுபடி போட்டு, தொண்ணூற்றெட்டில் போய் எடுக்க வேண்டும். ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் இருக்க மாட்டார். நாளுக்குப் பலமுறை இந்த மாற்றம் நடக்கும்.

இதை நான் சுலபமாகப் புரிந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சேவூரிலிருந்து பிழைக்க வந்த புதிதில், திருப்பூர் ராயபுரத்தில் ஒரு ரூமில் இருந்தேன். எனக்கு டே ஷிப்ட். என்னோடு வாடகையைப் பகிர்ந்துகொண்டவருக்கு நைட் ஷிப்ட், துணிக்குச் சாயம் ஏற்றுகிற டையிங்கில் வேலை. ஒரே பாய், ஒரே தலையணை. நான் எழுந்து போன சூட்டில் அவர் படுப்பார். அவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் தலையணை வழியாகத்தான். வேப்பெண்ணெய் வாடை அடித்தால் அவருக்குப் பொடுகு. தைல வாடை அடித்தால் சளி. தலையணையில் நீலம் ஒட்டியிருந்தால் கம்பெனியில் நேவி புளூ ஓடுகிறது என்று அர்த்தம்.

இப்படிப் பல மாதம் போனது. ஒரு தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் ஒட்டுக்கா லீவு விட்டுவிட்டார்கள். அன்றைக்குத்தான் அவரை முழு உருவமாகப் பார்த்தேன். பார்த்ததும் இருவரும் பாயைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் மரியாதையாக, "நீங்க படுங்க" என்றார். நான் "நீங்க படுங்க" என்றேன். கடைசியில் இரண்டு பேரும் பஸ் ஏறி அவரவர் ஊருக்குப் போய்விட்டோம்.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு விண்டோஸ் என்றால் இவ்வளவுதான். பிரச்சினை, பாயில் ஒருவரே நிரந்தரமாகப் படுத்துக்கொண்டால்.

வாத்து

இது நடந்தது இரண்டொரு வருஷத்துக்கு முன்னால், ஆடியில் என்று நினைக்கிறேன். காற்று பலமாக இருந்தது. ஆர்டர் பலமாக இல்லை. இரண்டாவது மெஷினுக்குத் துணி போர்த்தி வைத்துவிட்டோம். முதல் மெஷினும் ஏதோ பேச்சுத்துணைக்கு ஓடுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மச்சான் ஊட்டுக்கு வந்தார். மச்சான் என்றால் என் மனைவி சாந்தாமணியின் அண்ணன். திருப்பூரில் பெரிய எம்பிராய்டரி கம்பெனி, எல்லாம் புது மெஷின்கள், ஏசி போட்ட ஆபீஸ். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். அவர் வாழைப்பழச் சீப்போடு வந்து, காப்பி குடித்து, அன்பாகச் சொன்னார்: "மாப்ளை, எதுக்கு இந்த ரோதனை? மெசினக் குடுத்துப்போட்டு நம்ம கம்பெனிக்கு வந்துருங்க. சூப்பர்வைசரா இருங்க. ஒண்ணாந்தேதியிலிருந்து வாங்க."

கொங்கு நாட்டில் ஓர் ஆண்பிள்ளைக்கு இதைவிட அன்பான அடி கிடையாது. மச்சானிடம் சம்பளம் வாங்குவது என்றால், பொங்கலுக்கும் நோன்புக்கும் மாமனார் ஊட்டுக்குப் போகும்போது மருமகனாகப் போகிறோமா, லீவு சொல்லப் போகிறோமா என்று சந்தேகம் வந்துவிடும். நான் சிரித்துக்கொண்டே "பாக்கலாமுங்க" என்றேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். சாந்தாமணி வாழைப்பழத்தை எனக்குத் தராமல் பக்கத்து ஊட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரமே ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து கோகிலா கூப்பிட்டார். ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர். சிரித்தால் ஷிப்மெண்ட் தாமதமாகிவிடும் என்று நினைப்பவர். வெளிநாட்டு பையர் ஒருவர் பல வருஷத்துக்கு முன்னால் குழந்தைகள் டீ ஷர்ட்டில் போட்ட வாத்தை மறுபடி கேட்கிறாராம். குடை பிடித்த வாத்து. அன்றைக்கு அதைப் போட்டுக் கொடுத்தது நான்தான். இப்போது மூன்று யூனிட்டில் சாம்பிள் கேட்டிருக்கிறார்கள். எது பழைய வாத்து மாதிரியே இருக்கிறதோ அந்த யூனிட்டுக்கு ஆர்டர் முழுவதும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் டேபிளுக்கு வர வேண்டும்.

மூன்றில் ஒன்று நான். இன்னொன்று மச்சான் கம்பெனி.

இந்த வாத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் டிசைன் போடக் கற்றுக்கொண்ட காலத்தில் போட்டது. கண்ணில் ஒரு தையல் இடம் தவறி விழுந்து, வாத்துக்கு ஒருமாதிரி ஓரப்பார்வை வந்துவிட்டது. குடையை யாரிடமோ அடித்துக்கொண்டு வந்ததுபோல ஒரு திருட்டு முழி. பையருக்கு அதுதான் பிடித்துப்போனது. புது சாஃப்ட்வேரில் யார் போட்டாலும் அது கண்ணைத் தானாகவே நேராக்கிவிடும். அன்றைக்குத் தைத்த ஃப்ளாப்பி பூஞ்சை பிடித்துப் போய்விட்டதால், அந்த முழி உள்ள ஒரிஜினல் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது: என் கம்ப்யூட்டரில், தொண்ணூற்றெட்டுக்குள்.

ஆர்டர் கிடைத்தால் துணியை எடுத்துவிட்டு இரண்டாவது மெஷினை ஓட்டலாம். கிடைக்காவிட்டால் ஒண்ணாந்தேதி மச்சான் கம்பெனியில் காலை ஒன்பது மணிக்குக் கையெழுத்து.

காற்று

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? சுத்தம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் யூனிட்டைக் கூட்டித் துடைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் மெஷினைப் போடுவது எங்கள் வழக்கம். திருப்பூரில் சுத்தம் என்றால் விளக்குமாறு பாதிதான்; மீதி கம்ப்ரசர். காற்றுக் குழாயை எடுத்து மெஷினுக்குள் அடித்தால் பஞ்சும் நூல் துணுக்கும் புகையாகக் கிளம்பும். அதில் ஒரு சுகம் இருக்கிறது. குழாய் கைக்கு வந்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மெஷின் முடிந்து, ஃபேன் முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் முடிந்து, காலண்டர் முடிந்து, கண் கம்ப்யூட்டர் மேல் விழுந்தது.

இன்று முக்கியமான நாள், அதுவும் சுத்தமாக இருக்கட்டுமே என்று மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு அடி அடித்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் எழுந்தது. ஏதோ டிக்கென்று ஒரு சத்தம். ஸ்டெல்லா தும்மினாள். நான் மூடியைப் போட்டுச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

அந்த டிக் சத்தம், உள்ளே இருந்த சின்னப் பேட்டரி தன் இடத்தைவிட்டுப் பறந்த சத்தம். அது வட்டமாக, அஞ்சு ரூபாய்க் காசு அளவில் இருக்கும். கரண்டு இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டர் தன் பழக்கவழக்கங்களை மறக்காமல் இருப்பது அதனால்தான். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது புல்வெளி மட்டும்தான்.

எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் மெனு வரும், எண் இறங்கும், அம்புக்குறி வேலை செய்யாது, எக்ஸ்பி வந்து படுத்துக்கொள்ளும்.

பதற்றத்தில் நான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால் இந்தப் பத்திரிகை என்மேல் வைத்திருக்கும் மரியாதை போய்விடும். கொஞ்சம் சொல்கிறேன். மானிட்டருக்கு விபூதி பூசினேன். மின்வாரியத்தைத் திட்டினேன். கம்ப்யூட்டரைச் சமாதானப்படுத்த மேஜையைத் தெற்கிலிருந்து கிழக்கே திருப்பினேன். ஸ்டெல்லாவுக்கு வந்த டீயைக் குடித்துவிட்டேன். மச்சான் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு மணி எத்தனை மணிக்கு அடிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் ஸ்டெல்லா சுவிட்சுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"அண்ணாச்சி, சும்ம இருங்க. அது சாவல்ல. ஒரு பாதி உசுரோடதான இருக்கு. நீங்க தொட்டுத் தொட்டு அந்தப் பாதியயும் கொல்லப் பாக்கிய."

பச்சை விளக்கு

சுவிட்சைத் தொடக்கூடாது என்றதும் வேறு வழியில்லாமல் கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். அவளே இன்னொரு தடவை போட்டாள். மெனு வந்தது. அப்போது கவனித்தேன்: கீபோர்டின் மூலையில் எப்போதும் எரியும் பச்சை விளக்கு எரியவில்லை. எக்ஸ்பி வந்து புல்வெளியைக் காட்டிய பிறகுதான் அது முழித்துக்கொண்டது. அதாவது, வேண்டிய நேரத்தில் கீபோர்டு தூங்குகிறது.

சிஸ்டம் சர்வீஸ் செய்பவருக்குப் போன் போட்டேன். தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போனுக்குள் நாதஸ்வரம். நான் பச்சை விளக்கைப் பற்றிச் சொன்னதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. இப்போதைய தட்டை முனைக் கீபோர்டை மெனு நேரத்தில் எழுப்பிவிட ஒரு செட்டிங் உண்டாம். பேட்டரி போனதால் கம்ப்யூட்டர் அதை மறந்துவிட்டதாம். அதை மறுபடி வைக்கவும் கீபோர்டு வேண்டும். பழைய உருண்டை முனைக் கீபோர்டு ஒன்றைப் பின்னால் செருகினால் போதும், அதை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, பாயசம் வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

உருண்டை முனைக் கீபோர்டு முன்பு எங்களிடமும் இருந்தது. முந்தின தீபாவளிக்கு, பழசாக இருக்கிறதே என்று பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் பளபளவென்று இந்தப் புதுசை வாங்கி வைத்தது யார் என்று ஸ்டெல்லா கேட்கவில்லை. பார்த்தாள்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடைக்காரர், உருண்டை முனையா என்று உள்ளே திரும்பிச் சத்தம் போட்டுக் கேட்க, உள்ளிருந்து ஒருவர் என் முகத்தைப் பார்ப்பதற்காகவே வெளியே வந்தார். பழைய சாமான் கடையில் ஒரு குவியலே கிடந்தது. எல்லாவற்றுக்கும் ஒயரை அறுத்துச் செம்பு எடுத்திருந்தார்கள். மதியம் ஆகிவிட்டது. சாயங்காலம் கோகிலாவின் மேஜையில் வாத்து இருக்க வேண்டும்.

வேர்த்து வழிய ஊட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். சாந்தாமணி தண்ணீர் கொடுத்தாள். பிறகு, யாருக்கோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணங்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள."

மச்சானின் ராசி

எனக்கும் தெரியும். நினைக்காமல் இருந்தேன்.

மச்சான் முதன்முதலில் வாங்கிய கம்ப்யூட்டர் அவர் ஆபீசில் சாமி படங்களுக்குக் கீழே கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அது வந்த பிறகுதான் கம்பெனி வளர்ந்தது என்று ராசி. ஓடி எத்தனையோ வருஷமாகிறது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. திருப்பூரில் இது அதிசயம் இல்லை. முதல் தையல் மெஷினை ஷோகேஸில் வைத்திருப்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் முதல் ஸ்கூட்டரை மாடி ஏற்றி வைத்திருக்கிறார்.

அந்தக் கீபோர்டை, அவரோடு போட்டி போடுகிற சாம்பிளுக்காக, அவரிடமே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒண்ணாந்தேதி. சாந்தாமணியே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைக் கேட்டு மச்சான் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஒரு வாத்து தைத்து முடித்திருக்கலாம். தங்கச்சி கேட்டு இல்லை என்று சொல்வேனா, தாராளமாகத் தருகிறேன் என்றார். நான் மூச்சு விட்டேன்.

"ஆனா இன்னைக்கு வெள்ளிக்கெழமையல்லங் மாப்ளை. ராசியான பொருளு வாசப்படி தாண்டப்படாதுங்க. நாளைக்கு வெடியால வந்து எடுத்துக்கங்க."

இது சாக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு ஒரு கை உப்புக்கூட வெளியே கொடுக்க மாட்டார்கள். ராசி கம்ப்யூட்டருக்குப் பகலும் விளக்கு நேரம்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

அவ்வளவுதான், முடிந்தது என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு கழுதை வயசில் கழுத்தில் அடையாள அட்டையோடு நான் நிற்பது கண்ணில் தெரிந்தது. அப்போது வாய் தானாகப் பேசியது. என் வாய் பெரும்பாலும் எனக்குச் சொல்லாமல்தான் பேசும்.

"மச்சான், வெள்ளிக்கெழமை உங்க ஊட்டுப் பொருளு வெளிய போகப்படாது. எங்க ஊட்டுப் பொருளு உள்ள வரலாமுங்களா?"

"அது நல்லதுதானுங்க," என்றார் மச்சான்.

எதிரி முகாம்

கம்ப்யூட்டர் பெட்டியை ஈரிழைத் துண்டில் சுற்றி, தடுப்பூசிக்குக் கொண்டுபோகிற பிள்ளைபோல மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் ஒரு தடவை இயேசப்பா என்றாள். நான் ஒரு தடவை முருகா என்றேன். மச்சான் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, ரிப்பேருக்கு வெளியேதான் போகும், உள்ளே வருகிறதே என்றார்.

ஆபீசில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். மச்சான் முதலில் தன் வாத்தைக் காட்டினார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவ்வளவு அழகு. ஒரு நூல் பிசிறில்லை, குடைக் கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. அது நல்ல வாத்து. பி.காம். படித்து, நேரத்துக்கு ஆபீஸ் போய், குடையைச் சொந்தக் காசில் வாங்கிய வாத்து.

அலமாரியைத் திறந்து, கீபோர்டை வெளியே எடுக்காமல், ஒயரை மட்டும் நீட்டி என் பெட்டியில் செருகினார்கள். அவர்கள் மானிட்டரையே மாட்டினோம். சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. மெனு வந்தது. எண் இறங்கத் தொடங்கியது. கூட்டம் கிட்டே நெருங்கியது. மல்லிகைச் சரத்தை ஒதுக்கிவிட்டுக் கீழ் அம்புக்குறியை அமுக்கினேன்.

அது உள்ளே போகவே இல்லை. பல வருஷத்துச் சந்தனம் இறங்கிச் சிமென்டாகக் கெட்டிப்பட்டிருந்தது.

புல்வெளி. யாரோ சிரித்தார்கள். என் கால் தானாக வாசலைப் பார்த்துத் திரும்பியது. ஸ்டெல்லா சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. என்மேல் கோபம் இல்லை, அந்தச் சிரிப்பின்மேல். ராசியான பொருள் வேலை செய்யவில்லை என்று தன் ஆபீசில், தன் ஆட்கள் முன்னால் ஆகிவிட்டதே. என் வாத்து, அவர் வாத்து எல்லாம் அந்த நிமிஷம் அவருக்கு மறந்துபோனது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேஜை மேல் கிடந்த, நூல் பிசிறு வெட்டுகிற டிரிம்மரை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, கீயைச் சுற்றிச் சந்தனத்தைப் பல் டாக்டர்போல நோண்ட ஆரம்பித்தார்.

"நாளைக்கு எவனும் இது கெட்டுப்போச்சுன்னு சொல்லப்படாது பாருங்க," என்று முனகினார். அரை மணி நேரம் என் தொழிலைக் காப்பாற்ற என் போட்டியாளர் வேர்க்க வேர்க்க வேலை பார்த்தார். நான் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். என்னால் முடிந்த உதவி.

மறுபடி சுவிட்ச். மறுபடி மெனு. நான் கையை நீட்டினேன். மச்சான் என் கையைத் தள்ளிவிட்டுத் தானே அமுக்கினார்.

டக்.

வெள்ளைப் பட்டை ஒரு வரி கீழே இறங்கியது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு வரி. ஆனால் ஆபீசே கை தட்டியது. சேலத்து மாம்பழத்தைப் பார்த்ததுபோல நான் தொண்ணூற்றெட்டு கிளம்பும்போது வருகிற மேகப் படத்தையும், அதன் அடியில் ஓடும் பட்டையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். தொண்ணூற்றெட்டு தன் பழைய பாட்டைப் பாடிக்கொண்டு எழுந்து வந்தது.

ஸ்டெல்லா மௌஸைப் பிடித்து வாத்தைத் திறந்தாள். குடை, அலகு, கால், கடைசியில் அந்தக் கண். ஃப்ளாப்பி கரக் கரக்கென்று எழுதியது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவதிலும் எழுதினாள். மச்சான் திரைக்குக் கிட்டே குனிந்து வாத்தைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

"ஏனுங் மாப்ளை, இது ஏன் இப்படி முழிக்குது?"

"இத்தன பேரு சுத்தி நின்னா எதுதானுங்க முழிக்காது."

ஒரு சின்ன விஷயம். எக்ஸ்பிக்குள்ளேயே போய், மௌஸால் ஓரிடத்தில் கிளிக் செய்தால், அடுத்த தடவை தொண்ணூற்றெட்டு தானாகவே வருமாறு மாற்றிவிடலாமாம். கீபோர்டே தேவையில்லையாம். அக்காள் மகன் ஒருவன் ஒரு மாதம் கழித்து விருந்தில் உட்கார்ந்து இதைச் சொன்னான். அவனுக்கு அன்றைக்கு இரண்டாவது கரண்டி பாயசம் வரவில்லை.

மூன்று வாத்துகள்

யூனிட்டுக்குத் திரும்பி ஃப்ளாப்பியைச் செருகியதும் மெஷின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊசி இறங்கியது. மஞ்சள், ஆரஞ்சு, குடைக்குச் சிவப்பு, கடைசியில் கறுப்பு. இடம் தவறிய அந்த ஒரு தையல், இத்தனை வருஷம் கழித்தும், சரியாக அதே இடத்தில் தவறியது. பேப்பரை வைத்துத் துணியை இஸ்திரி போட்டு, சாயங்காலம் கோகிலாவின் மேஜையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, தாமதம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை கூப்பிட்டனுப்பினார். போனபோது வீடியோ காலில் அந்த பையர் இருந்தார், ஒரு வெளிநாட்டு அம்மா. அங்கே இருட்டு, கையில் ஒரு கோப்பை. கோகிலா முதல் வாத்தைக் கேமரா முன்னால் பிடித்தார். அந்த அம்மா நன்று என்று தலையாட்டினார். இரண்டாவதாக மச்சானின் வாத்து. ரொம்ப நன்று என்று தலையாட்டினார். நான் கதவு ஓரம் நின்று, சூப்பர்வைசர்களுக்கு ஞாயிறு லீவு உண்டா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதைப் பிடித்தார். அந்த அம்மா தலையாட்டவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வாய் விட்டுச் சிரித்தார். பிறகு ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார்; கோகிலா எனக்காகத் தமிழில் சொன்னார். "பழைய ஃபிரண்டப் பாத்த மாதிரி இருக்குதாம்." சொல்லும்போது கோகிலாவும் சிரித்தார். ஷிப்மெண்ட் ஒன்றும் தாமதமாகவில்லை.

வெளியே வந்து, டீக்கடை ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு முதலில் சாந்தாமணிக்குச் சொன்னேன். அவள் "சரிங்க" என்றாள். அந்தச் சரிங்க முன்னால் கேட்ட சரிங்கவெல்லாம் மாதிரி இல்லை. ஸ்டெல்லாவிடம் சொன்னபோது, அவள் பேசுவதற்கு முன்பே போனுக்குள் ஒரு உதறல் சத்தம் கேட்டது. இரண்டாவது மெஷினின் துணியை எடுத்துவிட்டாள்.

ஆனால் ஆர்டரின் அளவைப் பார்த்தால் என் இரண்டு மெஷினும் மூச்சு வாங்கிச் செத்துவிடும். யாரிடமாவது பாதியை ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்கு, கொடுத்து ஓட்ட வேண்டும். புது மெஷினுக்குத் தக்கபடி அந்த வாத்தை மாற்றிக் கொடுத்துவிடுவேன், முழிக்கு நான் கேரண்டி என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். யாரிடம் என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. சந்தனம் நோண்டிய கைக்குக் கைம்மாறு செய்ய வேண்டும். அதோடு, இதைச் சொல்லும்போது அந்தப் பக்கம் கேட்கப்போகிற அமைதிக்காக, உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

போன் போட்டேன். ஒண்ணாந்தேதி நான் வருவதற்கில்லை என்று பணிவாகச் சொன்னேன். பிறகு, "மச்சான், கையில கொஞ்சம் சாஸ்தியா ஆர்டர் இருக்குதுங்க. பாதிய நீங்க எனக்கு ஜாப் ஒர்க்கா ஓட்டித் தர்றீங்களா?" என்றேன்.

அந்த அமைதி வந்தது. நான் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். பின்னணியில் அவருடைய புது மெஷின்கள் ஓடுகிற சத்தம். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். அடுத்து அவர் பேசியது தங்கச்சி புருஷனிடம் பேசுகிற பேச்சு இல்லை. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுப்பவர், வெட்டிய துணியான பீசுக்காக ஆர்டர் கொடுப்பவரிடம் கேட்கிற முதல் கேள்வி. இத்தனை வருஷமாக நான் ஊர் முழுக்கக் கேட்ட கேள்வி.

"பீஸ் எப்பங்க வரும், மாப்ளை?"

ஆர்டர் கொடுப்பவர்கள் எல்லோரும் எனக்குச் சொன்ன அதே பதிலை, அதே அலட்சியத்தோடு, ஸ்கூட்டர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வண்டி கெளம்பிருச்சுங்க மச்சான்."

துணி இன்னும் டையிங்குக்கே போகவில்லை.